மேகத்துக்குள் நடக்கலாம்

விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் உருப்படியாக ஏதாவது சொல்லும்படி ஆசிரியரம்மா கேட்டுக்கொண்டார். பக்க அளவு, கட்டண அட்டை, எந்தக் கம்பெனியில் யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஒரு புதன்கிழமை மத்தியானம். அதைச் சொல்கிறேன்.

மலைநடை, சைக்கிள், தூண்டில் மீன்பிடிப்பு, பாறையேற்றம் என்று வெளியில் போய் விளையாடுகிறவர்களுக்காக நடக்கும் பத்திரிகை இது. அந்தப் புதன்கிழமை வரை இதற்குப் பதினேழு வருடம் விளம்பரம் சேர்த்திருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு மேடும் ஏறியவன் இல்லை. ஊட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்து இந்த ஆபீஸ் மாடிக்கு ஏறியதுதான் நான் ஏறிய பெரிய ஏற்றம். ஜன்னலைச் சாத்தாமல் விட்டால் மூடுபனி சத்தமில்லாமல் உள்ளே வந்து மேசை மேல் இருக்கும் தாள்களை நமுக்க வைத்துவிடும், உங்களுக்கும் தெரியும். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே போனில் பேசுவேன். நான் பார்த்தேயிராத புல்மேடுகள், ஓடைகள், சோலைக்காடுகள் எல்லாம் என் வாயில் தானாக வரும். கேட்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சொக்கிப்போவேன். விளம்பரம் பிடிக்கிறவனுக்குக் கொஞ்சம் கனவு காணும் புத்தி வேண்டும் என்று அப்போது பெருமையாக நினைத்திருந்தேன்.

முதல் சறுக்கல் ஒரு மழைக்கோட்டில் நடந்தது. கம்பெனிக்காரர் ஒரு கோட்டு அனுப்பி, அதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். நம் நிருபர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு மழைக்குப் பேர்போன தேவாலாவில் ஒரு பகல் முழுக்க நடந்துவிட்டு வந்து, தோளிரண்டும் நனைந்துவிட்டது என்று எழுதினார். அதே இதழில் அந்தக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. நான் நிருபருக்கு டீ வாங்கிக்கொடுத்துப் பேசி, ‘நனைந்தது’ என்பதை ‘குளிர்ச்சியாக இருந்தது’ என்று மாற்ற வைத்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதுதான் எனக்குக் கெடுதலாக முடிந்தது. வார்த்தையைக் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கும் என்று பழகிக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, கிளென்மார்கன் பக்கம் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். அதன் மேலாளர் கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையானவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். ஆறு இதழுக்குப் பின்னட்டை முழுவதும் வேண்டும் என்றார். அந்த வருடம் காகித விலை ஏறி, பத்திரிகை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சமயம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பின்னட்டை வரவிருந்த முதல் இதழிலேயே, விடுதிக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டுக்குப் போகும் பாதையைப் பற்றித் தவமணி எழுதியிருந்தார். தவமணி அந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் உதவியாளர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு மருந்துப் பையோடு நடந்து நடந்து அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவர் காலுக்குத் தெரியும். நமக்கு நடைப் பாதைகளைப் பற்றி எழுதியவர்களில் அவரைப் போல ஒருவர் இல்லை. அலங்காரமே இருக்காது. எங்கே திரும்ப வேண்டும், எங்கே வழுக்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதோடு சரி.

அச்சுக்குப் போகும் முன்னால் மேலாளர் அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

“ஏனுங்க பாய், எல்லாம் நல்லா இருக்குதுங்க. கடைசி ரெண்டு வரி மட்டும் வேண்டாமுங்களே. படிக்கறவங்க பயந்துக்குவாங்க. அப்புறம் எங்க ஊட்டுக்காரங்களே நம்ம விடுதிக்கு வரமாட்டாங்க” என்று சிரித்தார்.

அந்த இரண்டு வரி இது: பகல் பதினொரு மணிக்குள் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கிவிடுங்கள். அதற்கு மேல் மூடுபனி எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. ஏறினால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், மூன்று பக்கமும் சரிவு.

ஆசிரியரம்மா அன்று ஊரில் இல்லை. அவருடைய தாயாருக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். பக்கங்கள் முடிந்துவிட்டன, எங்கேயாவது இடம் பத்தாவிட்டால் ஒரு வரி குறைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன அந்த வார்த்தையை எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். வரிகளை எடுத்தேன்.

எடுத்ததும் பத்தியின் அடியில் வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மார்க்கெட்டின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நான் ஒரு வரி தட்டினேன்: மதியத்துக்கு மேல் போனால் மேகத்துக்குள் நடக்கலாம். அழகான வரி என்றுதான் நினைத்தேன். பக்கம் அச்சுக்குப் போனது.

இதழ் வந்த மறுநாள் தவமணி போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை.

“பாய், நீங்க அந்த மேட்டுக்கு ஒருக்காவாவது வந்திருக்கீங்களா?”

இல்லை என்றேன். இடப் பற்றாக்குறை என்று ஏதோ ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, விளங்குது” என்று வைத்துவிட்டார். அடுத்த மாதக் கட்டுரை வரவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி இருக்கும். ஆபீஸில் நான் மட்டும். விளம்பரம் தர அழைக்கவும் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது என் செல் நம்பர். போன் அடித்தது. புது நம்பர். புது வாடிக்கையாளர் என்று குரலைத் தேன் ஆக்கிக்கொண்டு எடுத்தேன்.

“சார், பத்திரிகை ஆபீசுங்களா? உங்க புக்கைப் பாத்துத்தான் வந்தோமுங்க. இங்க ஒண்ணுமே தெரியலீங்க சார்.”

திருப்பூரைச் சேர்ந்தவர், பெயர் கலைவாணி. புருஷனும் அவரும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மேட்டு உச்சியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெள்ளை மூடிவிட்டது. புருஷன் வழி பார்க்கிறேன் என்று முன்னால் போனார். அவருடைய போன் இந்த அம்மாளின் பையில். கூப்பிட்டால் பதில் குரல் கேட்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை முதுகுக்குப் பின்னால். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், கையில் இருந்த பக்கத்தின் அடியில் பார்த்த நம்பரை அழுத்தியிருக்கிறார்.

போனில் அந்த இடத்தின் சத்தம் எனக்குக் கேட்டது. காற்று இல்லை. தூரத்தில் ஓர் ஆண்குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்து தேய்ந்தது.

“பக்கத்துலதான் இருக்காருங்க. நான் நாலு எட்டு வெச்சு அவருகிட்டப் போயிடறேன்” என்றார்.

என் மேசை மேல் அதே இதழ் கிடந்தது. கட்டுரையை விரித்துக்கொண்டேன். இடப்பக்கம் திரும்பி வேலியைப் பிடித்தால் இறங்கிவிடலாம் என்று அதில் இருந்தது. அதை வாசித்து அவரை நடக்க வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு வரைக்கும் வந்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, நடப்பதற்கு யாராவது ஒரு வழி சொன்னால் போதும். அப்போதுதான் நான் எடுத்துப் போட்ட வரிகள் நினைவுக்கு வந்தன. எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தன. தப்புச் செய்தவனுக்கு அது மறக்காது.

“அம்மா, நடக்காதீங்க. நின்ன எடத்துலயே உட்காருங்க. அவரையும் உட்காரச் சொல்லிக் கத்துங்க. மூணு பக்கமும் சரிவு” என்றேன்.

“நீங்க இங்க வந்திருக்கீங்களா சார்?”

பதினேழு வருடம் பார்க்காததைப் பார்த்த மாதிரிச் சொன்னவன் நான். இன்னொரு தடவை சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அது பொய் என்று என் குரலை வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டால் எழுந்து நடந்துவிடுவார் என்று பயம் வந்தது.

“வந்ததில்லைம்மா. ஆனா அந்த மலையிலயே இருக்கிறவங்க எழுதினதைப் படிச்சிருக்கேன். அவங்க உட்காரச் சொல்லியிருக்காங்க.”

 பிறகு அவர் கத்தியது கேட்டது. உட்காருங்க, உட்காருங்க என்று நாலைந்து தடவை. திரும்ப போனில் வந்து, உட்கார்ந்துவிட்டதாகச் சொல்கிறார் என்றார். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சிவப்புக் கோடு வந்துவிட்டது என்றார். பேசிக்கொண்டே இருந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும், எனக்கும் இருக்கும். ஆனால் அந்தப் போன் செத்துவிட்டால் பிறகு ஒன்றுமே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை நான் கூப்பிடுகிறேன், நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமானது அந்தப் போனை வைத்ததுதான்.

தவமணியைக் கூப்பிட்டேன். என் பெயரைப் பார்த்தால் எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். சொன்னதைக் கேட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசியாக அவர்கள் கண்ணில் பட்டது வேலியா, மரமா? எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். என் மேல் இருந்த வருத்தத்தை எடுத்து எங்கோ ஓரமாக வைத்துவிட்டுப் பேசினார். இரண்டு தோட்டத்து ஆட்களோடு அப்போதே கிளம்பினார். மேலாளரையும் கூப்பிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. விடுதி ஜீப்பை எடுத்துக்கொண்டு பாதை முடியும் இடத்துக்கு அவரே போனார். அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பத்தாவது நிமிஷம் கூப்பிட்டேன். மரம் என்றார் கலைவாணி. சிவப்புத் தளிர் விட்ட ஒற்றை மரம். தவமணிக்குச் சொன்னேன். பிறகு ஒரு டாக்சியைப் பிடித்தேன். பைக்காரா ரோட்டில் வண்டி ஒரு பால் பாத்திரத்துக்குள் போவது போலப் போயிற்று. எதிரே வரும் விளக்குகள் மஞ்சளாகப் பூத்து, பக்கத்தில் வந்து, உதிர்ந்தன. இரண்டாவது முறையும் பேசினேன். குளிர்கிறது, அவர் குரல் கொடுக்கிறார் என்றார். அதற்குப் பிறகு என் போனில் சிக்னல் போய்விட்டது. பத்து நிமிஷம் கடந்தது, இருபது கடந்தது. நான் கூப்பிடுவேன் என்று நம்பி ஒரு பெண் வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், நான் கூப்பிடவில்லை. அவள் எழுந்து நடந்திருப்பாளோ என்று நினைத்தபோது, நான் எழுதிய அந்த அழகான வரி வந்து கண்ணுக்கு முன்னால் நின்றது. டிரைவர் ரேடியோ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

டிஸ்பென்சரி வாசலில் ஜீப் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. பெஞ்சில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கலைவாணி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர் புருஷன், வலது கணுக்கால் வீங்கி, பேன்ட் முழங்கால் வரை சேறு. தவமணி குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கத்தியபோது அந்த மனிதர் ஏற்கெனவே கால் சறுக்கி ஒரு புல் திட்டில் நின்றிருக்கிறார். ஆட்கள் கண்டுபிடித்தபோது அவருக்கு முன்னால் இரண்டு முழம் புல், அதற்கப்பால் ஒன்றுமில்லை.

நான் யார் என்று தெரிந்ததும் கலைவாணி எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க மட்டும் போனை எடுக்காம இருந்திருந்தா…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

தவமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் மேலாளர் நின்றிருந்தார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். தடுக்க யாரும் இல்லை. ஆனால் அந்தக் கைகள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன.

சொன்னேன். இரண்டு வரி இருந்தது, பின்னட்டை விளம்பரத்துக்காக நான் எடுத்தேன், அந்த இடத்தில் மேகத்துக்குள் நடக்கலாம் என்று எழுதியவனும் நான்தான் என்று சொன்னேன். எடுக்கச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. எடுத்தது என் கை.

கலைவாணி என் கையை விட்டார். மெதுவாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அதைப் படிச்சுப்போட்டுத்தாங்க மத்தியானமா கெளம்பினோம்” என்றார். 

கட்டிலில் இருந்தவர்தான், அந்த இரண்டு வரி என்ன என்று கேட்டார். நான் தவமணியைப் பார்த்தேன். தவமணி தலையைக் குனிந்தபடியே சொன்னார், பாடம் ஒப்பிப்பது போல. கட்டிலில் இருந்தவர் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“இதப் போட்டிருந்தா காலையில நேரமே வந்திருப்போமுங்க. அவ்வளவுதானுங்க” என்றார்.

வாசலில் நின்ற மேலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனதைப் பார்த்தேன். பயந்து யாரும் வராமல் போகமாட்டார்கள், காலையில் வருவார்கள். நானும் அவரும் மேசை போட்டுப் பேசியபோது எங்களுக்குத் தோன்றாத இந்தச் சின்ன விஷயத்தை, கால் ஒடிய இருந்த மனிதர் படுத்துக்கொண்டு சொன்னார்.

ஆசிரியரம்மா திரும்பியதும் எல்லாவற்றையும் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தையும் வைத்தேன். அதை மடித்து டிராயரில் போட்டார். நடந்ததை நீங்களே எழுதுங்கள், உங்கள் பெயரோடு போடுவோம் என்றார். முதலில் எழுதியதில் ‘இடப் பற்றாக்குறையால்’ என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தார். அடுத்ததில் ‘தவறுதலாக’ என்று இருந்தது. அதையும் திருப்பினார். மூன்றாவதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன், நாலே வரிதான் வந்தது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், தவமணியின் இரண்டு வரிகளோடு அது வந்தது.

பின்னட்டை போய்விட்டது. விடுதி முதலாளிகளின் முடிவு. மேலாளரே கூப்பிட்டு வருத்தப்பட்டார். தங்குகிறவர்களைக் காலை டிபன் ஆனதும் மேட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், பதினொன்றுக்குள் ஆள் எண்ணிக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். அந்த வருடம் பத்திரிகை ஒல்லியாகத்தான் வந்தது. நின்றுவிடவில்லை.

நடைப் பாதைப் பக்கங்கள் அச்சாகும் வரை விளம்பரப் பிரிவுக்குக் காட்டப்படாது என்று ஒரு விதி இருக்கிறதே, உங்களுக்கு அது அவமானமாகப் படுவதாகக் கேள்விப்பட்டேன். அது உங்களை நம்பாமல் போட்ட விதி இல்லை. என்னால் வந்தது. விளம்பரப் பக்கத்தில் எவ்வளவு கனவு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். அது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரியும், அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு புரட்டிவிடுவார். பாதை சொல்லும் பக்கத்தை அவர் அப்படிப் படிப்பதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

தவமணி ஏழெட்டு மாதம் எழுதவில்லை. ஆசிரியரம்மா நேரில் போய்க் கேட்டபோது, பாய் ஒருக்கா மேட்டுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம். போனேன். கான்வாஸ் ஷூ வாங்கி, மூட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, விடியற்காலை பஸ்ஸில் போனேன். ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தேன். அவர் காத்திருந்தார். உச்சியில் வெயில். புல் பொன்னாக அலைந்தது. கீழே தேயிலை, அதற்குக் கீழே நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. நான் போனில் இத்தனை வருடம் வர்ணித்ததில் ஒன்றுகூட அதைப் போல இல்லை.

பத்தரைக்கே இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில், எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியாமல் மூடிவிட்டது. உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். என் முழங்கால் தெரிந்தது, ஷூ தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறார், விஷயம் தெரிந்தவர், இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து நடக்க வேண்டும் என்று கால் துடித்தது. அந்தத் திருப்பூர் அம்மா எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ.

“எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியாது பாய்” என்றது அவர் குரல். எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

 ஈரம் புருவத்தில் கோத்துக்கொண்டு சொட்டியது. கொஞ்ச நேரத்தில் கீழே எங்கேயோ பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள். யாரோ ஒருத்தியின் மகளைப் பெண் பார்க்க வந்த கதை, இடையிடையே சிரிப்பு. வெள்ளை முழுக்க அவர்கள் குரலாக இருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கியது.

வெளுத்தபோது பார்த்தால், கூப்பிடு தூரம்கூட இல்லை, காலடியில்தான் தேயிலை. ஒருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, கூட யார் தவமணி என்று கேட்டாள்.

“பத்திரிகைக்கார பாய். பாதை பழக வந்திருக்கார்” என்றார் தவமணி.

அடுத்த மாதம் அவருடைய கட்டுரை வந்தது.